டாக்டருக்கு இறக்கிய முடி

நான் கேட்டருகே நின்று கூப்பிட்டால், வீட்டுக்குள்ளிருந்து சிலிப்பர் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் முதலில் வரும். அக்கா பின்னால் வருவாள். கூடத்திலிருந்து கேட்டுக்கு மிஞ்சிப் போனால் பதினைந்து அடி. அவள் வந்து பூட்டைத் திறப்பதற்குள், எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணிகளை நான் பார்த்து முடித்திருப்பேன். கால்களை அகட்டி வைத்து, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தள்ளிக்கொண்டு வருவாள். பாதி வழியில் நின்றுவிடுவாள். மேல் உடம்பு முன்னால் போகப் பார்க்கும்; கால் வராது.

"ஒட்டிக்குது லா தம்பி. யாரோ சிமெண்டுல நட்டு வச்ச மாதிரி" என்பாள்.

அக்காவுக்கு எழுபது நெருங்குகிறது. கோலசிலாங்கூருக்கு வடக்கே, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் தாமான் என்னும் குடியிருப்பில் வசிக்கிறாள். தோட்டத்து லயங்களை இடித்தபோது தொழிலாளர் குடும்பங்களுக்குக் கிடைத்த வரிசை வீடுகள் அவை. அத்தான் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். இளமையில் முதுகில் பம்பு கட்டிக்கொண்டு தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவள். பிறகு தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்தினாள். இன்றைக்குத் தாமானில் மீசை நரைத்துத் திரியும் ஆண்களில் பாதிப் பேர் அவள் கையால் நாசி லெமாக் வாங்கித் தின்றவர்கள். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எந்தப் பிள்ளை சம்பலைத் தொடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவள் ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்று என்னைக் கேட்கத் தொடங்கினாள். ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, மீதி எங்கே போயிற்று என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். இன்னொன்றும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. நாற்காலி மெத்தைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. குளியலறை வாசலில் எந்நேரமும் ஒரு வாளியில் துணி ஊறியது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதற்கும் அவள் போகவில்லை. கேட்டவர்களிடம் கால் வலி என்றாள்.

பத்திரிகை ஆசிரியர் குழுவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று தனித்தனித் தகவல்கள் ஒரே செய்தியாக இருக்கக்கூடும் என்று யோசிப்பது எங்கள் தொழிலின் பழக்கம். ஆனால் நடை, சிறுநீர், மறதி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு வந்த தலைப்பு முதுமை என்பதுதான். மருத்துவர்களுக்கும் அதுவே வந்தது. ஒரு கிளினிக்கில் மூட்டுக்குத் தைலம் கொடுத்தார்கள். இன்னொன்றில் நடுக்கு நோய்க்கான மாத்திரை கொடுத்தார்கள். நடுக்கமே இல்லாத என் அக்கா அதை மாதக்கணக்கில் விழுங்கினாள். ஒன்றும் மாறவில்லை.

கடைசியாக அரசாங்க மருத்துவமனையில் ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர், கோப்பைத் திறக்காமல், அக்கா கதவிலிருந்து நாற்காலிவரை நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் மறுபடியும் வரச் சொன்னார். திரும்பும் இடத்தில் அக்கா கடிகார முள்ளைப்போலத் துளித்துளியாகத் திரும்பினாள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆகிவிடுகிறதா என்பது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போனேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். எல்லோருடைய மூளைக்கு நடுவிலும் சிறு அறைகள் உண்டு. அங்கே நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். அக்காவுக்கு ஊறுவது ஊறியது, வடிவது சரியாக வடியவில்லை. அறைகள் பெருத்துப் பக்கத்திலிருப்பதை நெருக்கிவிட்டன. நடையும் சிறுநீரும் நினைவும் ஒன்றாகக் கெட்டது அதனால்தான். இந்த வயதில் வரும் மறதிகளில் சரிசெய்ய வாய்ப்புள்ள ஒரு சிலவற்றில் இது ஒன்று என்றார்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள்.

"பாரிட் சும்பாட் லா, டாக்டர்" என்றாள். வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்று பொருள். தோட்டத்தில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓடும் வடிகால்தான் பாரிட். மழைக்காலத்தில் அது அடைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருத்துவர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார்.

அறுவைச் சிகிச்சை பலன் தருமா என்று பார்க்க, முதலில் முதுகுத் தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்பு தரையில் போட்டிருந்த கோடுவரை ஒருமுறை நடக்க வைத்தார்கள். எடுத்துச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் நடக்க வைத்தார்கள். இரண்டாம் முறை அக்கா கோட்டோடு நிற்காமல் சன்னல்வரை போய்விட்டாள். வெளியே பார்த்துக்கொண்டே, "உன் காடிய ஏன்டா இப்படிக் கோணலா நிறுத்தியிருக்க?" என்றாள். அவள் என்னைக் குறை சொல்லி வெகு நாளாகியிருந்தது.

அறுவைச் சிகிச்சையில் பொருத்தும் ஷண்ட் என்பது மெல்லிய குழாய். மூளையிலிருந்து தோலுக்கு அடியிலேயே காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து வழியாக வயிற்றுக்குள் போய் முடிகிறது. மிஞ்சிய நீர் அதில் வடிந்து வயிற்றில் கலந்துவிடும். எவ்வளவு வடியலாம் என்று பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு வால்வு. அதைப் பொருத்துவதற்கு வலது பக்கத்து முடியை மழிக்க வேண்டும் என்றார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"பாதித் தலையோட நான் தாமானுக்குள்ள போக முடியாது" என்று தாதியிடம் சொன்னாள். "செமுவா, மிஸி. எல்லாத்தையும் எடுத்துரு."

தாதி என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். முடி முழுவதும் போயிற்று. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த முழு மொட்டைதான் காரணம்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்தது, படுத்தால் விட்டது. நீர் சற்று வேகமாக வடிகிறது என்று மருத்துவமனையில் வால்வின் அளவை மாற்றினார்கள். கத்தியோ ஊசியோ இல்லை. காதுக்குப் பின்னால் காந்தக் கருவி ஒன்றை வைத்துத் திருகியதோடு சரி. காந்தத்தை மட்டும் தலைக்கு அருகில் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மைகளைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். கம்போங் குவாந்தானில் படகு ஏறி மின்மினி பார்க்கப்போனபோது வாங்கிய பச்சை மின்மினியும் அதில் போயிற்று.

ஒரு காலையில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தம்பி, துணி காஞ்சிருக்கு."

"மழ வரும்போல இருக்கு, எடுத்து வச்சிரு" என்றேன்.

"கொடியில இல்லடா. நான் கட்டிப் படுத்த துணி."

கடைக்குப் போனால் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

எல்லாம் ஒரேயடியாகத் திரும்பவில்லை. சிறுநீர் முதலில் கட்டுக்கு வந்தது. நடை அடுத்தது. பெயர்களும் தேதிகளும் தாமதமாக வந்தன, சில வரவேயில்லை. அவளுடைய ஒரே மகள் ஷா ஆலமில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். அடுக்குமாடி வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தாள். அம்மாவின் சேலைகளில் பாதியை ஒரு பையில் அடைத்து முன்கூட்டியே கொண்டுபோயும்விட்டாள்.

"இனிமே தனியா இருக்க முடியாதும்மா. போதும்" என்றாள்.

"எது போதும்? இப்பத்தான் நடக்கவே ஆரம்பிச்சிருக்கேன்."

"விழுந்தா யார் பார்ப்பா? அந்த டியூப்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"விழ மாட்டேன்."

"விழுந்தா?"

அக்கா யோசித்தாள். "ஒரு தடவ விழுந்தாலும் ஒன்கூட வந்துடறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காத."

அக்கா மகள், எனக்கு மருமகள், என்னைப் பார்த்து, "மாமா, நீங்கதான் சாட்சி" என்றாள். அப்படித்தான் அந்த ஒப்பந்தம் ஆயிற்று. ஒருமுறை விழுந்தால் வீடு போகும்.

அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரம்மாள் கிண்ணத்தோடு வந்தார். தையல் பிரித்த புதிது. அக்கா தலையில் மெல்லிய துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றிக்கு மேல் துண்டு விலகி மொட்டை தெரிந்தது. கிண்ணத்தில் இருந்தது அரைத்த சந்தனம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனதா மக சொல்லிச்சு. கோயிலுக்கும் போயிட்டு வந்துட்டீங்களா? சொல்லவே இல்லையே அக்கா" என்றார். "எந்தக் கோயிலு? பத்துமலையா?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தலையை முழுவதுமாக மழித்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேண்டுதல் நிறைவேறியிருக்கிறது. மழித்த தலைக்குச் சந்தனம் பூசுவது பார்ப்பவரின் கடமை. அந்த அம்மாள் விரல்களில் சந்தனத்தை அள்ளிக்கொண்டு துண்டைத் தூக்கப் போனார். துண்டுக்குக் கீழே, காதுக்குப் பின்னால், பிறை வடிவத்தில் ஆறாத காயம் இருந்தது. அதில் கிருமி படக்கூடாது என்று மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

"வச்சுட்டுப் போங்க. இன்னும் குளிக்கல. குளிச்சிட்டு நானே பூசிக்கறேன்."

"ஆமாவா? சரி. முருகனுக்குத்தானே?"

"ம்" என்றாள் அக்கா.

அவர் போன பிறகு சந்தனம் மேசையிலேயே காய்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா பார்க்கற?"

"தப்பான செய்தி. மதியத்துக்குள்ள தாமான் முழுக்கப் போயிடும்."

"போகட்டுமே. என்னான்னு சொல்லச் சொல்ற? மூளையில தண்ணின்னு சொன்னா அதோட விடுவாங்களா? தண்ணி நின்னா என்னா செய்யும்னு கேப்பாங்க. அப்புறம் அதயும் சொல்லணும்ல."

அதைச் சொல்வதைவிட முருகனைச் சொல்வது அவளுக்கு எளிதாக இருந்தது. அது அவளுடைய உடம்பு. வெளியிடுவதும் நிறுத்திவைப்பதும் அவள் முடிவு.

செய்தி எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போயிற்று. இரண்டு நாளில் கோயில் தலைவர் வந்தார். பழைய தோட்டத்துக்குள், செம்பனைகளுக்கு நடுவே எங்கள் மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. ஆட்கள் போய்விட்டார்கள், அம்மன் போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு கெர்லிங், ரவாங், கிள்ளான் என்று போனவர்கள் எல்லாம் திரும்பி வருவார்கள். தலைவர் ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக லோரி ஓட்டுகிறார். அக்காவின் சிற்றுண்டிச்சாலைப் பிள்ளைதான். ஆனால் கொஞ்ச காலமாக அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கேண்டீன் அக்கா, நம்ம கோயில் வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததில்ல. அந்த வருசம் முடி எறக்குனவங்களுக்குத்தான் மொதப் பால்குடம். போன வருசம் ஒருத்தருமே இல்ல. பசங்க முடிக்குக் கலரு அடிக்கிறானுங்க, எறக்கச் சொன்னா எங்க கேக்கறானுங்க? இந்த வருசம் அம்மனா பாத்து ஒங்கள அனுப்பியிருக்கா."

அக்கா துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நடக்கணுமே" என்றாள்.

"மெதுவா நடங்க. யாரு வெரட்டப் போறா?"

அவள் வேண்டாம் என்பாள் என்று காத்திருந்தேன். "சரிடா" என்றாள்.

அன்று மாலை மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா கைப்பேசியை இடது காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டாள். வலது பக்கம் வைப்பதை நிறுத்தியிருந்தாள். கடைசியில் சொன்னாள்: "விழுந்தா வரேன்னு சொன்னேன்ல. ரோட்டுல விழுந்தாலும் வரேன், கோயில்ல விழுந்தாலும் வரேன். அதானே பேச்சு."

மருத்துவமனையில் கேட்டோம். நடக்கலாம், நடப்பது நல்லது. ஆனால் தலைமேல் எதையும் வைக்கக் கூடாது என்றார்கள். குடத்தைத் தலையில் வைத்துத்தான் எடுப்பார்கள் என்று நான் சொன்னபோது, அக்கா என் காலை மிதித்தாள்.

மருத்துவமனையில் நடைப்பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மருமகளைவிட வயது குறைவு. அக்காவை "மக்சிக்" என்று அத்தை முறை வைத்துக் கூப்பிடுவார். அவர் சொல்லித்தந்தது இது: கால் ஒட்டிக்கொண்டால் முன்னால் தள்ளக் கூடாது, தள்ளினால் விழுவாய். நில். உடம்பின் பாரத்தை ஒரு காலுக்கு மாற்று. மற்றக் காலைத் தூக்கு. தூக்கிவிட்டு எட்டி வை. திரும்பும்போது நின்ற இடத்தில் திரும்பாதே. பெரிய வட்டமாகச் சுற்றி வா. "அங்காட், மக்சிக், அங்காட்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தூக்கு என்று அர்த்தம்.

"இவ ஒருத்திக்கு பயந்தே என் கால் தானா தூக்குது" என்றாள் அக்கா என்னிடம் தமிழில். அந்தப் பெண் என்னவென்று கேட்டார். நல்ல டீச்சர் என்று சொல்வதாக மொழிபெயர்த்தேன்.

அன்றிலிருந்து காலையில் வெயில் ஏறுவதற்குள் தாமானிலிருந்து கோயிலுக்குப் போகும் செம்மண் சாலையில் நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். அந்தச் சாலை எனக்குச் சிறு வயதிலிருந்து பழக்கம். ஆனால் அதில் எத்தனை இடங்களில் ஒருவர் விழ முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. குலை ஏற்றிய லோரிகளின் சக்கரத் தடம் மழையில் குழைந்து வெயிலில் இறுகியிருந்தது. வெட்டிப்போட்ட மட்டைகள் ஓரத்தில் கிடந்தன. அங்கங்கே உதிர்ந்த செம்பனைப் பழங்கள் கோலிக்குண்டுபோல உருண்டன. கோயிலுக்குச் சற்று முன்னால் பாரிட்டின் மேல் ஒரு பலகைப் பாலம். அகலமான பாலம்தான், மோட்டார் சைக்கிள்கள் போகும். ஆனால் செம்மண் முடிந்து பலகை தொடங்கும் அந்தக் கோட்டுக்கு வந்ததும் அக்காவின் கால் நின்றுவிடும். வாசற்படிகளிலும் அப்படித்தான் நிற்கும். தரை மாறுவது காலுக்குத் தெரிந்துவிடுகிறது என்பாள்.

முதல் நாட்களில் பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே திரும்பிவிட்டோம். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். பிறகு பிடிக்காமல். சில நாள் நன்றாகப் போனது மறுநாள் போகாது. இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்துப் பழகத் தொடங்கியதும் நான் புரிந்துகொண்டேன், தலையில் எடுப்பதாக அவள் நினைக்கவேயில்லை. அதை எப்படிச் சொல்லப்போகிறாள் என்று கேட்டேன்.

"அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

திருவிழா நாள் காலையில் தாமான் முனையிலிருக்கும் பிள்ளையார் சன்னதி முன்னால் பால்குடங்கள் வரிசையாக நின்றன. மஞ்சள் சேலைகள், மாலைகள், உறுமி மேளம். மருமகள் முந்தின நாளே வந்திருந்தாள். அம்மாவைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அக்காவும் மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். தலையில் துண்டில்லை. முடி கொஞ்சம் முளைத்து, வெள்ளைத் தூள் தூவியதுபோல இருந்தது. காயம் ஆறித் தழும்பாகியிருந்தது, காதுக்குப் பின்னால் வால்வு இருக்குமிடம் லேசாகப் புடைத்திருந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரம்மாள் இந்த முறை தட்டு நிறையச் சந்தனம் கொண்டுவந்திருந்தார். இன்னொரு பெண் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டினார். தலைவர் முதல் குடத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"குனிங்க அக்கா. சந்தனம் பூசிட்டுத் தூக்கி வச்சிடுவோம்."

அக்கா குனியவில்லை.

"தலையில வேணாம். இடுப்புல குடு."

"மொதக் குடம் தலையிலதான் எடுக்கணும். வழக்கம்ல."

"இந்தத் தலையில வைக்க முடியாதுடா."

உறுமிக்காரர்கள் ஏதோ பிரச்சினை என்று நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் குடத்தைப் பிடித்தபடி நின்றார். மருமகள் அம்மாவின் முழங்கையைத் தொட்டு, "கால் வலின்னு சொல்லிடும்மா" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்டது.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். இடைவேளை மணி அடித்து, ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"இது சாமிக்கு எறக்குன முடி இல்ல. டாக்டருக்கு எறக்குனது" என்றாள். "மூளையில தண்ணி தேங்கிப் போச்சு. இங்க ஓட்ட போட்டு, இப்படியே வயித்துக்குள்ள ஒரு டியூப் வுட்டுருக்காங்க." காதுக்குப் பின்னால் தொட்டு, கழுத்து வழியாக விரலை வயிறுவரை இறக்கிக் காட்டினாள். "ரெண்டு வருசமா நடக்க முடியல. ஒன்னுக்க அடக்க முடியல. நின்ன எடத்துலயே போயிடும். அதனாலதான் யார் வூட்டுக்கும் வரல. முருகன்னு நீங்களா சொன்னீங்க, நானும் ஆமான்னுட்டேன். வெக்கமா இருந்துச்சு. இப்ப இல்ல."

சந்தனத் தட்டைப் பிடித்திருந்த அம்மாள் அதைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். தலைவரின் முகம்தான் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப எம்மக கல்யாணத்துக்கு வராதது..."

"மண்டபத்துல கக்கூஸு எந்தப் பக்கம்னு தெரியாம எப்படிடா வருவேன்?"

யாரோ ஒரு பெண் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "மதிக்கலன்னு நெனச்சிட்டேன் அக்கா. நாசி லெமாக் கடனுக்கெல்லாம் குடுத்த அக்கா, என் வூட்டு விசேசத்துக்கு வரலியேன்னு..." என்றவர் மீதியை விட்டுவிட்டார். குடத்தை இடுப்பளவுக்கு இறக்கி நீட்டினார். "இடுப்புலயே வாங்கிக்குங்க. ஒங்களுக்குத்தான் மொதக் குடம்."

"வேண்டுதல் இல்லாதவளுக்கு அது எதுக்கு? வருசா வருசம் எடுக்கற புள்ளைங்க இருக்குல்ல, அதுல ஒன்னுக்குக் குடு. எனக்கு ஒரு சின்னக் குடம் போதும். நான் கடைசில வரேன். என்ன யாரும் அவசரப்படுத்தாதீங்க."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்து பேச்சுகளைக் குறித்துக்கொண்டவன் நான். அமைச்சர்கள், சங்கத் தலைவர்கள், பட்டிமன்றப் பேச்சாளர்கள். கூட்டத்துக்கு நடுவே நின்று, தனக்குக் கிடைத்த மரியாதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னவர்கள் அதில் எத்தனை பேர் என்று யோசித்தேன். அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. நாங்கள் மூவரும் கடைசியில் போனோம். குடம் அக்காவின் இடது இடுப்பில் இருந்தது. வலது கை வீசி நடக்க விடுதலையாக இருந்தது. பாதம் தூக்கித் தூக்கி வைத்தாள். சக்கரத் தடங்களைச் சுற்றிப் போனாள். மேளம் சிறிது சிறிதாகத் தூரமாகிக்கொண்டே போயிற்று. மருமகள் ஒரு கையை எப்போதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால், தொடாமல், நீட்டியே வைத்திருந்தாள்.

பாலத்தருகே வந்தோம். செம்மண் முடிந்து பலகை தொடங்கும் இடத்தில் அக்காவின் கால் நின்றது.

மேல் உடம்பு முன்னால் சாய்ந்தது. குடத்துப் பால் அலம்பி விளிம்பில் வழிந்தது. மருமகளின் கை பாய்ந்தது.

"தொடாத" என்றாள் அக்கா.

"அம்மா, விழப்போற."

"தொடாதன்னு சொல்றேன்ல."

மருமகள் கையை இழுத்துக்கொண்டாள். அக்கா முன்னால் தள்ளவில்லை. சாய்ந்த உடம்பை நிமிர்த்தினாள். நின்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊர்வலத்தின் வால் நின்றுவிட்டது, யாரோ கவனித்துவிட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. அவசரப்படுத்த வேண்டாம் என்று அவள் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அக்கா மெதுவாக இடது காலுக்குப் பாரத்தை மாற்றினாள். குடம் ஒரு பக்கம் தாழ்ந்தது.

"அங்காட், மக்சிக்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வலது கால் எழுந்து, தேவைக்கு மேலேயே உயர்ந்து, பலகையில் இறங்கியது. சத்தம் கேட்டது. அடுத்தது இடது. பிறகு நிற்கவில்லை.

கோயிலில் பால் ஊற்றிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்றோம். உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். தட்டேந்தி நின்றபோது ஒரு பெண் அருகில் வந்து, தன் அப்பாவுக்கும் கால் இப்படித்தான் ஒட்டுகிறது, துணியும் நனைகிறது, வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறோம் என்றார்.

"என்னக் கேக்காத. எல்லாருக்கும் இதுவா இருக்காது. ஆஸ்பத்திரியில போய் நடந்து காட்டச் சொல்லு. நட, ஒன்னுக்கு, மறதி, மூணயும் சேத்துச் சொல்லு. ஒன்னக்கூட மறைக்காத" என்றாள் அக்கா. சற்றுக் கழித்து, "நான் மறைச்சுட்டேன். அதான் லேட்டாச்சு" என்றாள்.

அன்று மாலை மருமகள் ஷா ஆலமுக்குப் புறப்பட்டபோது ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காடியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "குளியலறையில ஒரு கைப்பிடி போட்டுருங்க மாமா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கேட் திறந்தே கிடந்தது. கூடத்தில் சேலைப் பை. மருமகள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கைப்பிடி சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று குளியலறையில் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து உதறினாள்.

"எப்படி மடிச்சு வச்சிருக்கா பாரு. பேங்குல வேல பாக்கறாளாம்."

"கேக்குது" என்றாள் மருமகள் உள்ளேயிருந்து.

அக்கா சேலையின் இரண்டு முனைகளையும் பிடித்துக் கையை விரித்து, நடுவில் மடித்து, மோவாயில் இடுக்கிக்கொண்டு மறுபடியும் மடித்தாள். அதற்கு இரண்டு கையும் வேண்டும். சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொள்ள முடியாது. அலமாரிவரை நடந்து, வைத்துவிட்டு, பெரிய வட்டமாகச் சுற்றித் திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள். பை காலியாகும்வரை அவள் உட்காரவில்லை.